லோகிதாசன் வேடம் முதல் கொலை வழக்கு வரை: தியாகராஜ பாகவதரின் கதை

ஜவ்வாது மலை அடிவாரத்தில் போளூர், செங்கம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். மற்ற கதைகள் ஆடும்போது பாதி ராத்திரியில் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரிச்சந்திரன் கதை ஆடினால் அப்படிப் போகமாட்டார்கள். மயான காண்டம் பார்க்காமல் யார் போவார்கள்?

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொய் சொல்லமாட்டேன் என்று உறுதியாக நின்ற ராஜா, நாட்டை இழக்கிறான். மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்கிறான். தானும் அடிமையாகிச் சுடுகாட்டைக் காக்கப் போகிறான். தர்ப்பை அறுக்கப் போன சிறுவன் லோகிதாசனைப் பாம்பு கடிக்கிறது. மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு தாய் சுடுகாட்டுக்கு வருகிறாள். காவலுக்கு நிற்பவன் தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியாது. பிணம் தன் மகன் என்று அவனுக்கும் தெரியாது.

இந்த நாடகத்தில் லோகிதாசன் வேடம் சின்ன வேடம்தான். ஆனால் சிறுவன் சரியாக அமையாவிட்டால் நாடகமே படுத்துவிடும். பாம்பு கடித்து அவன் விழும்போது கொட்டகையில் இருக்கும் பெண்கள் அழவேண்டும். அதற்கு முகம் வேண்டும். முகத்தைவிடக் குரல் வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியில் ஒரு பெரிய மனிதர் இந்த வேடத்துக்கு ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பையன்தான் பின்னாளில் தமிழ்நாட்டையே தன் பாட்டால் கட்டிப்போட்ட எம்.கே.தியாகராஜ பாகவதர்.

வீட்டை விட்டு ஓட்டம்

தியாகராஜன் பிறந்தது மாயவரத்தில். இன்று அந்த ஊரை மயிலாடுதுறை என்கிறோம். 1910-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. பொன் வேலை செய்யும் குடும்பம். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்குக் குடிவந்தது.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பட்டறையும் பிடிக்கவில்லை. எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் அங்கே போய் நிற்பான். கேட்ட பாட்டை அப்படியே பாடுவான். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. குலத்தொழிலைக் கற்றுக்கொண்டால் பையன் பட்டினி கிடக்கமாட்டான் என்பது அவர் எண்ணம்.

கண்டிப்பு அதிகமாயிற்று. பையன் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிவிட்டான். தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் ஆந்திரப் பக்கத்தில் உள்ள கடப்பையில் இருப்பதாகத் தகவல் வந்தது. தகப்பனார் அங்கே போனார். போய்ப் பார்த்தால், தெரியாத ஊரில், தெரியாத பாஷை பேசும் கூட்டத்துக்கு நடுவே பையன் பாடிக்கொண்டிருந்தானாம். கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்ததாம். இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள்.

தகப்பனார் பையனை அழைத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு பாட வேண்டாம் என்று தடுக்கவில்லை. திருச்சியில் பஜனை நடக்கும் இடங்களில் பையன் பாடலானான்.

குரல் சோதனை

அப்போது திருச்சியில் எப்.ஜி.நடேச ஐயர் என்று ஒருவர் இருந்தார். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. நாடகப் பித்து கொண்டவர். தாமே நடிப்பார். 1914-ம் ஆண்டு ரசிக ரஞ்சன சபாவை உண்டாக்கியவர் அவர்தான். (பல ஆண்டுகள் கழித்து, 1938-ல் வந்த "சேவாசதனம்" படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கிழட்டுக் கணவராக நடித்தவரும் இவரே.) சபாவில் அரிச்சந்திரா நாடகம் போட ஏற்பாடு ஆயிற்று. லோகிதாசனுக்குப் பையன் வேண்டும். பஜனையில் பாடும் ஆச்சாரி வீட்டுப் பையனைப் பற்றி அவர் காதுக்கு எட்டியது.

நாடகத்துக்கு ஆள் எடுப்பது என்றால் அந்தக் காலத்தில் என்ன பார்ப்பார்கள்? வசனம் பிறகுதான். முதலில் பாடச் சொல்வார்கள். ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கட்டை என்றால் ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் பலகை. அந்தச் சுருதியில் பையன் சேர்ந்து பாட வேண்டும். பிறகு அடுத்த கட்டை. அதற்கும் மேலே அடுத்தது. எதுவரை போகிறான், எங்கே குரல் உடைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் கூசாமல் நின்று பாடினால் அவன் ராஜபார்ட்டுக்குத் தேறுவான்.

இதற்குக் காரணம் உண்டு. அப்போது மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் தரை டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். சோடாக்காரன் சத்தம், குழந்தை அழுகை எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டும். அந்த நாளில் எஸ்.ஜி.கிட்டப்பா புகழ் பெற்றது அப்படிப்பட்ட குரலால்தான்.

சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் நடத்திய "பாய்ஸ் கம்பெனி"கள் அப்போது பெருகியிருந்தன. ஏழைப் பையன்களுக்கு அங்கே சாப்பாடு கிடைக்கும், தொழில் கிடைக்கும். அடியும் கிடைக்கும். வயது வந்து மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் கரகரத்துப் போனால் பல பையன்களின் கதி அதோகதிதான். நடேச ஐயர் சபா அப்படி அல்ல. உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் பொழுதுபோக்குக்காக நடிக்கும் சபா. ஆகவே பையனைக் கூத்தாடி ஆக்கிவிட்டார்கள் என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை. தகப்பனார் சம்மதித்தார்.

தியாகராஜன் பாடிக் காட்டினான். வேடம் அவனுக்குக் கிடைத்தது. பத்து வயதுப் பையன் லோகிதாசனாக மேடை ஏறினான். அன்று அவனுடைய பாட்டுக்குக் கொட்டகை கட்டுண்டது. திருச்சியில் பேச்சு பரவிற்று.

ஆறு ஆண்டுப் பாடம்

இதோடு நின்றிருந்தால் அவரும் நாலு நாள் புகழ் பெற்ற பால நடிகராகப் போயிருப்பார். அப்படிப் போகாமல் காப்பாற்றியவர் மதுரை பொன்னு ஐயங்கார். பெரிய பிடில் வித்துவான். பையனுடைய குரலைக் கேட்டுவிட்டு அவரே பாட்டுச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். ஆறு ஆண்டு பாடம் நடந்தது. சம்பளம் வாங்கவில்லை என்பார்கள்.

நடராஜ வாத்தியார் என்பவரிடம் நடிப்பும் கற்றார். பிறகு கச்சேரி அரங்கேற்றம் ஆயிற்று. பாகவதர் என்ற பெயர் அப்போதுதான் சேர்ந்தது. பெயரோடு ஒட்டிய அந்தச் சொல் கடைசியில் பெயரையே விழுங்கிவிட்டது. பாகவதர் என்றாலே தமிழ்நாட்டில் அவர் ஒருவர்தான் என்று ஆயிற்று.

அடுத்து நாடக மேடை அழைத்தது. இப்போது அவர் ராஜபார்ட். "பவளக்கொடி" நாடகத்தில் அவர் அர்ச்சுனன். எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. இந்த ஜோடியைப் பார்க்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். செட்டிநாட்டுச் சீமையில் நல்ல வரவேற்பு. தமிழில் பேசும் படங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. கே.சுப்பிரமணியம் இந்த நாடகத்தைப் பார்த்தார். இதையே படமாக எடுப்பது என்று முடிவாயிற்று. 1934-ம் ஆண்டு "பவளக்கொடி" படம் வெளிவந்தது. பாகவதருக்கும் அதுதான் முதல் படம். டைரக்டர் சுப்பிரமணியத்துக்கும் அதுதான் முதல் படம். அதில் 50 பாட்டுகள் இருந்தன என்று சொல்வார்கள். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். அன்று பாட்டுக்காகத்தான் படம்.

கிராப்பும் கடுக்கனும்

பிறகு ஏறுமுகம்தான். 1937-ல் வந்த "சிந்தாமணி" ஒரே கொட்டகையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு சினிமாக் கொட்டகையே எழுந்தது. அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள்.

அதே 1937-ல் "அம்பிகாபதி" வந்தது. அதை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவில் சினிமாக் கலை படித்துவிட்டு 1935-ல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கம்பர் மகனுடைய காதல் கதையை எடுத்தார். ஆங்கிலத்தில் ரோமியோ ஜூலியட் கதை இருக்கிறதல்லவா, அதன் சாயலைக் காதல் காட்சிகளில் புகுத்தினார். ஹாலிவுட்டின் வாசனை தமிழ்ப் படத்தில் வீச ஆரம்பித்தது அப்போதுதான்.

"திருநீலகண்டர்" 1939-ல் வந்தது. "அசோக்குமார்" 1941-ல். "சிவகவி" 1943-ல். பாபநாசம் சிவன் பாட்டு எழுதுவார், பாகவதர் பாடுவார். ரிக்சா இழுக்கிறவனும் அதைப் பாடுவான். ஜட்ஜ் வீட்டு கிராமபோனிலும் அது பாடும். கர்நாடக இசை அதுவரை சபாக்களுக்குள் இருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் பாகவதருக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் பற்றி வித்துவான்கள் தாராளமாகப் பேசுவதில்லை என்பது என் குறை.

தோள் வரை தொங்கும் முடி. பட்டு ஜிப்பா. காதில் வைரக் கடுக்கன். இளைஞர்கள் அதேபோல் முடி வளர்த்தார்கள். அதற்குப் பாகவதர் கிராப் என்று பெயர். அவர் ரயிலில் போகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷனில் கூட்டம் நெரியும். தங்கத் தட்டில் சாப்பிடுகிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அவர் நடித்த கதைகளில் பொய்ப் பழி அடிக்கடி வரும். 1936-ல் நடித்த "நவீன சாரங்கதரா"வில் சிற்றன்னை சாரங்கதரன்மேல் வீண்பழி சுமத்துகிறாள். "அசோக்குமார்" படத்தில் அசோக சக்கரவர்த்தியின் மகன் குணாளன் அவர். அங்கேயும் சிற்றன்னையின் பழி. கண்ணையே இழக்கிறான். ஆனால் கதை என்றால் முடிவில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். குணாளனுக்குக் கண் கிடைக்கிறது. லோகிதாசனுக்கு உயிர் கிடைக்கிறது. அரிச்சந்திரனுக்கு நாடு கிடைக்கிறது.

தீபாவளிப் படம்

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளியாயிற்று. பெற்றோரைத் துன்புறுத்தும் மகன், உல்லாசியாகத் திரிந்து, காலை இழந்து, பிறகு திருந்தி, தாய் தகப்பனுக்குப் பணிசெய்யும் கதை. டி.ஆர்.ராஜகுமாரி நாட்டியக்காரியாக நடித்தார். சென்னையில் பிராட்வே கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. கூட்டம் தாங்கவில்லை.

அது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன். காகிதத்துக்குக் கட்டுப்பாடு. புதிதாகப் பத்திரிகை ஆரம்பிக்க சர்க்கார் அனுமதி வேண்டும். அந்தக் காலத்தில் சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவதே அந்தப் பத்திரிகையின் வேலை. யார் யாரோடு போனார், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று எழுதுவார். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நல்ல குடும்பங்களிலும் மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தார்கள். பெயர் வராமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று அப்போது பேச்சு இருந்தது.

பாகவதரும், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும், கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் அனுமதி ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்து நேசன்" என்ற பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னைவிட மோசமாக எழுதினார்.

நவம்பர் மாதம் 8-ந் தேதி. ஹரிதாஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்னை வேப்பேரியில் கைரிக்சாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். பட்டப்பகலில் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் இறந்துவிட்டார்.

போலீசார் பலரைப் பிடித்தார்கள். டிசம்பரில் தமிழ்நாடே திடுக்கிட்டது. பாகவதர் கைது. என்.எஸ்.கிருஷ்ணன் கைது. ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது. கொலைக்குச் சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு.

ஆறுக்கு மூன்று

1945-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டில் விசாரணை நடந்தது. நீதிபதி மாக்கெட் என்ற வெள்ளைக்காரர். கோர்ட்டு வாசலில் கூட்டம் அலைமோதிற்று. சினிமாவுக்கு வருவதுபோல் வந்தார்கள்.

அப்போது கொலை வழக்குகளில் ஜூரிகள் உண்டு. ஊரில் உள்ள சில கனவான்களைப் பொறுக்கி உட்காரவைப்பார்கள். சாட்சியத்தைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். நீதிபதி தண்டனை சொல்வார். இந்த முறை பிற்காலத்தில் நம் நாட்டில் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த வழக்கில் ஒன்பது ஜூரிகள். குற்றவாளிகளில் ஒருவராகப் பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறியவரை அப்ரூவர் என்பார்கள். இந்த வழக்கு பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒருவருடைய வாக்குமூலத்தை நம்பி நின்றது. கே.எம்.முன்ஷி உள்பட பெரிய வக்கீல்கள் எதிர்த்தரப்பில் வாதாடினார்கள்.

ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். மே மாதம் 3-ந் தேதி தீர்ப்பு. இருவருக்கும் ஆயுள் தண்டனை. அப்போது அதற்குத் தீவாந்தரம் என்று பெயர்.

பாகவதருக்கு அப்போது வயது 35.

அவர் சிறைக்குள் இருந்தார். ஹரிதாஸ் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம், 1945 தீபாவளியிலும் பிராட்வேயில் ஓடிற்று. 1946 தீபாவளியிலும் ஓடிற்று. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த மூன்றில் இரண்டு தீபாவளிகளை அவர் கம்பிக்குள் கழித்தார் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? திரையில் பாகவதர் பட்டுக் கட்டிக்கொண்டு பாடுகிறார். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அதே பாகவதர் அதே நேரத்தில் கைதி உடையில் இருக்கிறார். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் அவர் செய்திருக்கமாட்டார் என்றார்கள். மற்றவர்கள், நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள்.

கையில் இருந்த பட ஒப்பந்தங்கள் எல்லாம் போயின. சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியை வழக்கு தின்றது.

ஹாலிவுட்டில் ஒரு ஆர்பக்கிள்

இப்படி ஒன்று அமெரிக்காவில் முன்பே நடந்திருக்கிறது. ராஸ்கோ ஆர்பக்கிள் என்று ஒரு குண்டு நடிகர். ஊமைப்பட காலத்தில் சிரிக்கவைப்பதில் மன்னர். சிறு வயதிலேயே மேடை ஏறியவர்தான். 1921-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு ஓட்டலில் அவர் கொடுத்த விருந்துக்கு வந்த வர்ஜீனியா ராப்பே என்ற நடிகை, நோய்ப்பட்டுச் சில நாளில் இறந்தார். ஆர்பக்கிள்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். ஹெர்ஸ்ட் என்பவருடைய பத்திரிகைகள் தினம் தினம் கொட்டை எழுத்தில் எழுதிக் குவித்தன. பத்திரிகை விற்றது.

இரண்டு தடவை ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் தடவை, 1922 ஏப்ரலில், குற்றமற்றவர் என்று விடுதலை செய்தார்கள். அவருக்கு அநீதி செய்துவிட்டோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். பயன் என்ன? சில நாட்களுக்குள் அவர் படங்களுக்குத் தடை வந்தது. பிறகு வேறு பெயரில் டைரக்டராக வேலை செய்தார். 1933-ல் இறந்தார். அங்கே அந்தக் கதையை எத்தனையோ தடவை புத்தகமாக எழுதிவிட்டார்கள். இங்கேயும் லட்சுமிகாந்தன் வழக்கைத் துப்பறியும் கதைபோல எழுதுகிறவர்கள் உண்டு. சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்துப்போனவரும் ஒரு மனிதர் என்பது அந்தச் சுவையில் மறந்துபோகிறது. லட்சுமிகாந்தன் எழுதியதை நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காக நடுத்தெருவில் குத்திக் கொல்வது நியாயம் ஆகிவிடாது.

விடுதலை

சென்னை ஐகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. பிறகு லண்டனுக்கு அப்பீல் போயிற்று. அப்போது நமக்குக் கடைசிக் கோர்ட்டு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான். ஐகோர்ட்டு அப்பீலை விசாரிக்க வேண்டிய முறையில் விசாரிக்கவில்லை என்று கண்டு, மறுபடி விசாரிக்கும்படி பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பிற்று. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சென்னையில் எத்திராஜ் கல்லூரியை உண்டாக்கினாரே, அவரேதான். ஹாப்பல், ஷகாபுதீன் என்ற இரண்டு நீதிபதிகள் விசாரித்தார்கள். சாட்சியம் நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

லட்சுமிகாந்தனைக் கொல்லத் தூண்டியவர் யார்? இன்றுவரை முடிவாகவில்லை.

இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ஆனால் ஒரே மாதிரி வாழவில்லை. என்.எஸ்.கிருஷ்ணன் பழையபடி படங்களில் நடித்தார். சொந்தமாகப் படம் எடுத்தார். 1949-ல் வந்த "நல்லதம்பி" நன்றாக ஓடிற்று. சிறைக்குப் போய்வந்தவர் என்று யாரும் அவரைத் தள்ளவில்லை. 1957-ல் இறக்கும்வரை கலைவாணர் என்று கொண்டாடினார்கள்.

பாகவதருக்கு ஏன் அப்படி அமையவில்லை? சிறைதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சிறை ஒரு காரணம். சினிமாவே மாறிப்போனது இன்னொரு காரணம். அவர் உள்ளே இருந்த காலத்தில் பின்னணிப் பாட்டு வலுப்பெற்றுவிட்டது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம். பாட ஒருவர், நடிக்க ஒருவர். கொஞ்ச நாளில் வசனத்துக்கு மவுசு வந்தது. நாற்பது பாட்டு இருந்த இடத்தில் பத்து பாட்டு. ஐந்து கட்டையில் பாடித் தேறிய பையனின் கலைக்கு அங்கே இடம் சுருங்கிற்று. சிரிப்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சிரிப்பு எந்தக் காலத்திலும் விலைபோகும்.

பாகவதர் 1948-ல் "ராஜமுக்தி" எடுத்தார். பூனா நகரில் படம்பிடித்தார்கள். பானுமதிக்குத் தமிழில் அது முதல் படம். எம்.ஜி.ஆரும் அதில் நடித்திருக்கிறார். வசனம் எழுதப் போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் அங்கே காசநோயில் விழுந்து, அதே ஆண்டில் இறந்துபோனார். படமும் தோற்றது.

1952-ல் "அமரகவி" வந்தது. "சியாமளா"வும் அந்த ஆண்டில்தான். அதே 1952 தீபாவளிக்குத்தான் "பராசக்தி" வந்தது. சிவாஜி கணேசன் என்ற புது நடிகர் கோர்ட்டில் நின்று வசனம் பேசினார். ஊரெல்லாம் அந்தப் பேச்சு. குற்றவாளிக் கூண்டில் உண்மையாகவே நின்றுவிட்டு வந்தவருடைய பாட்டைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது.

கோயில் கச்சேரிகளுக்குக் கூட்டம் குறையவில்லை. அங்கே அவர் குரலை அப்படியே வைத்திருந்தார். பிற்காலத்தில் கச்சேரிதான் அவருக்குத் துணை. 1957-ல் "புது வாழ்வு" என்று ஒரு படத்தைத் தாமே எடுத்து டைரக்டும் செய்தார். பெயரில் இருந்த புது வாழ்வு படத்தால் வரவில்லை.

நீரிழிவு நோய் அவரை வாட்டிற்று. 1959-ம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லட்சுமிகாந்தன் உயிர்விட்டதும் அந்த ஆஸ்பத்திரியில்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அதே நவம்பர் மாதத்தில். பாகவதர் நவம்பர் 1-ந் தேதி இறந்தார். ஐம்பது வயது நிறையவில்லை.

நடித்த படங்கள் மொத்தம் 14. வழக்குக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. அந்த ஐந்தில் கடைசிப் படம் "சிவகாமி". அது வெளிவரும்போது அவர் இல்லை. உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். லோகிதாசனாக முதன்முதல் மேடை ஏறிய அதே திருச்சியில்தான். 1960-ல் "சிவகாமி" கொட்டகைக்கு வந்தது. போனவர்கள் அவர் பாட்டை அதில் கேட்டுவிட்டு வந்தார்கள்.